எட்டு மடங்கு

வாய்மொழித் தேர்வு பதினொரு மணிக்கு. எட்டே காலுக்கு அண்ணி கருத்தரங்க அறையில் நாற்பது காலி நாற்காலிகளுக்கும் எனக்கும் ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார். நாற்காலிகள் ஒழுங்காகக் கவனித்தன.

கணினியில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுவது என் பொறுப்பு. பதினான்காவது படத்தில்தான் மொத்த ஆய்வின் உயிரும் இருந்தது. நான்கு கம்பங்கள். முதல் கம்பம் தரையோடு ஒட்டியிருக்கும், இரண்டாவது முழங்கால் உயரம், மூன்றாவது இடுப்பு, நான்காவதை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

"தசை செல் வளர்ற ஆறு நாள்ல இந்த குளோரைடு சேனலோட மரபணு எட்டு மடங்கு ஏறுது" என்றார் அண்ணி. "ஒப்பீட்டுக்கு எடுத்துக்கிட்டது ஆக்டின். அது எந்த நாள்லயும் மாறாது."

இந்த வரியை வீட்டில் சமையலறையில் கேட்டிருக்கிறேன், பேருந்தில் கேட்டிருக்கிறேன், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றும் கேட்டிருக்கிறேன். காலி அறையில் அன்றைக்கு அது வேறு மாதிரி விழுந்தது. என் விரல் பொத்தானிலேயே நின்றுவிட்டது.

"அடுத்த படம்" என்றார் அண்ணி.

நான் தள்ளவில்லை.

அண்ணி என்றால் சொந்த அண்ணிதான். என் அண்ணனின் மனைவி. அவர் சொன்னதன் பேரில்தான் ஏழெட்டு மாதத்துக்கு முன்பு இந்த ஆய்வகத்தில் சேர்ந்தேன். வீட்டிலும் திட்டுவார், இங்கேயும் திட்டுவார், தலைப்பு மட்டும் மாறும்.

எங்கள் வேலை இதுதான். தட்டில் தசை ஆகப்போகிற செல்களை வளர்ப்போம். தீனி நிறையப் போட்டால் அவை சும்மா பெருகிக்கொண்டே இருக்கும், வேறு எந்த வேலையும் பார்க்காது. தீனியைக் குறைத்தால் புத்தி வந்து வரிசையில் நிற்கும், ஒன்றோடொன்று சேர்ந்து நீளமான குழாயாகும். அதுதான் தசை. சோற்றைக் குறைத்தால் பொறுப்பு வரும் என்பதை எங்கள் வீட்டில் என்னிடமும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். செல்களிடம் பலித்தது.

அப்படிச் சேரும் நாட்களில் செல் தன் சுவரில் உப்புகள் போய்வரச் சின்னச் சின்ன வாசல்களை வைத்துக்கொள்ளும். சோடியத்துக்கு ஒன்று, பொட்டாசியத்துக்கு ஒன்று, குளோரைடுக்கு ஒன்று. இவற்றைத்தான் அயனிச் சேனல் என்கிறோம். குளோரைடு வாசல் சரியில்லாதவர்களுக்கு மூடிய கை சட்டென்று திறக்காது. இறுகிய தசை தளர அடம்பிடிக்கும். எந்த வாசலின் மரபணு எந்த நாளில் விழிக்கிறது என்பதுதான் அண்ணியின் ஐந்து வருடம். அம்மா சொந்தக்காரர்களிடம் "மருமக சேனல்ல வேலை பாக்குறா" என்று சொல்லி வைத்ததில், நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்று இரண்டு பேர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் இன்றைக்கு ஒரு கையெழுத்துப் போட வேண்டும். போட்டால், திங்கட்கிழமை அண்ணி வேறொரு ஊரில், தசை நோய் மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் விஞ்ஞானியாகச் சேர்வார். பதினொரு இடத்துக்கு விண்ணப்பித்ததில் வந்த ஒரே வேலை. பட்டம் முடிந்திருக்க வேண்டும் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை நம்பி அண்ணன் தன் வேலையை விட்டுவிட்டான். நேற்று அவனுக்கு அலுவலகத்தில் கடைசி நாள். வீட்டைக் காலி செய்வதாகவும் சொல்லியாயிற்று.

"என்னடா ஆச்சு? மெஷின் நின்னுடுச்சா?"

"இல்ல அண்ணி. நான் நின்னுட்டேன்."

என்னை ஆய்வகத்தில் எல்லோரும் 'சமவெளி' என்பார்கள். ஆறு மாதமாக அண்ணியின் இதே பரிசோதனையை ஒரு மருந்து சேர்த்தும் சேர்க்காமலும் நான் செய்துகொண்டிருக்கிறேன். மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் என் குளோரைடு சேனல் ஏறவே இல்லை. நான்கு கம்பமும் வேலிக் கால் மாதிரி ஒரே உயரத்தில் நிற்கும். கை சரியில்லை என்று முடிவானது. அண்ணி மூன்று நாள் என் பின்னாலேயே நின்று கையைப் பார்த்தார். "கை நல்லாத்தான் இருக்கு" என்றார். "அப்ப தலைதான்."

ஒரு விஷயத்தை மட்டும் நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

ஒரு மரபணு எவ்வளவு விழித்திருக்கிறது என்பதைத் தனியாக அளந்தால் போதாது. ஒரு குழாயில் கூட விழும், இன்னொன்றில் குறைய விழும். அதனால் மாறாத இன்னொரு மரபணுவையும் அளந்து, அதோடு வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் அந்த மாறாத ஆள் ஆக்டின். பேராசிரியர் தன் ஆய்வுக்கு அதைத்தான் வைத்தார், அவருடைய மாணவர்கள் அதைத்தான் வைத்தார்கள். ஆக்டினைப் பிடித்துத் தரும் பிரைமர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சின்னக் குழாயில் இருக்கும். என் முதல் பரிசோதனையன்று நான் அதன் மூடியைத் திறந்து வைத்துவிட்டு முழங்கையால் தட்டினேன். அது நேராகக் கழுவும் தொட்டிக்குள் போயிற்று. ஒரு சொட்டு மிஞ்சவில்லை.

சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். பேராசிரியர் தன் கையால் பெயர் எழுதிய குழாய். பயத்தில் பக்கத்து ஆய்வகத்து நண்பனிடம் ஓடினேன். அவன் தங்கள் மாறாத ஆளைக் கொடுத்தான். அது ரைபோசோமைச் சேர்ந்த ஒரு மரபணு. நான் அதையே வைத்துக்கொண்டேன். குறிப்பேட்டில் 'ஒப்பீடு: வழக்கம்போல்' என்று எழுதினேன். யாருடைய வழக்கம் என்று எழுதவில்லை. மற்றவர்கள் தங்களுக்கென்று தனிக் குழாயில் எடுத்து வைத்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த மாதம் புதுக் குழாய் வந்தது, அதுவும் யாருக்கும் தெரியவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

ஒரு பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று பார்க்க அவன் அப்பாவின் பக்கத்தில் நிறுத்தி அளக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா மெல்ல மெல்ல உட்கார்ந்துகொண்டிருந்தால்? பிள்ளை ஒரு அங்குலம்கூட வளராமலே கிடுகிடுவென்று வளர்ந்த மாதிரி தெரிவான்.

இதை அண்ணியிடம் சொன்னேன். தொட்டியில் கொட்டியதிலிருந்து தொடங்கி ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எந்த ரைபோசோம் ஜீன்?"

சொன்னேன்.

"எல்லா ரன்லயும் அதேதானா?"

"எல்லாத்துலயும்."

அண்ணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பதினான்காவது படத்தைப் பார்த்தார். அதில் நான்காவது கம்பம் எந்தக் கவலையும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

"என் பழைய சாம்பிள் ஃப்ரீசர்ல இருக்கு. நாலு நாள், நாலு ஜீன், ஒவ்வொண்ணும் மூணு தடவை. நாப்பத்தெட்டு குழி" என்றார். "ஆக்டின், உன் ரைபோசோம், குளோரைடு. நாலாவதா இன்னொரு ஆள் வேணும். நம்ம ரெண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஆளா."

"பக்கத்து லேப்ல இன்னொண்ணு வச்சிருக்காங்க."

"போய்க் கேளு. இந்தத் தடவை எழுதி வாங்கிட்டு வா."

நாற்பத்தெட்டுக் குழிகளை நிரப்ப எங்களுக்கு ஐம்பது நிமிடம் பிடித்தது. கருத்தரங்குக்காகப் போட்ட நல்ல உடையின் மேல் அங்கியை மாட்டிக்கொண்டு அண்ணி ஊசிமுனை அளவுத் துளிகளை விட்டுக்கொண்டே போனார். ஒரு துளி தப்பவில்லை. ஐந்து வருடத்தைக் கவிழ்க்கப்போகிற துளிகளையும் அதே சுத்தத்தோடு விட ஒரு கை வேண்டும். நான் வரிசையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன். மூன்றாம் வரிசையில் என் குரல் பிசிறியது. அண்ணி நிமிராமல், "எண்ணு" என்றார்.

மெஷின் அறையின் வாசலில் பதிவேட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வேறு பதவிப் பெயர் உண்டு, ஆனால் பதிவேட்டைத் தவிர அவர் கையில் வேறெதையும் யாரும் பார்த்ததில்லை.

"ஒன்பது மணி பாக்டீரியா ஆளுங்களுக்கு" என்றார். "உங்க பேரு இல்லையே."

"அவங்க இன்னும் வரலையே சார்" என்றேன்.

"வரலைன்னாலும் அது அவங்க நேரம். வராத நேரம்."

அண்ணி குழித் தட்டை ஐஸ் மேல் பிடித்தபடி நின்றார். "அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன். எனக்கு ஒண்ணேகால் மணி நேரம் வேணும்."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அண்ணியின் உடையைப் பார்த்தார். "இன்னைக்கு உங்களுக்கு வைவா இல்ல?"

"ஆமா."

"வைவா அன்னைக்கா பரிசோதனை?"

அவர் பதிவேட்டைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றினார். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. காலியா விட்டா மேல கேப்பாங்க. என்ன போடட்டும்?"

"சந்தேகம்னு போடுங்க."

அவர் அதை முத்து முத்தாக எழுதி, கீழே கோடும் போட்டார். மெஷினின் மூடி திறந்தது. மணி ஒன்பதே கால்.

அந்த மெஷின் செய்வது இவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றிலும் நாம் தேடும் மரபணுவின் நகல்களை இரட்டிப்பாக்கும். ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம். முதலிலேயே நிறைய இருந்தால் சீக்கிரம் கணக்கில் தெரியும், திரையில் கோடு சீக்கிரம் எழும்பும். குறைவாக இருந்தால் தாமதமாக எழும்பும். நான்கு நாள் மாதிரிகளிலும் அண்ணி ஒரே அளவு போட்டிருந்தார். ஆகவே மாறாத மரபணுவுக்கு நான்கு நாள் கோடுகளும் ஒரே இடத்தில், ஒரே நூல் போல எழும்ப வேண்டும். நான்கும் பிரிந்து எழும்பினால் அந்த மரபணுவுக்கு மாறாதது என்று பெயர் சொல்ல முடியாது.

இவ்வளவு எளிதான விஷயத்தை இத்தனை வருடம் ஏன் ஒருவரும் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். எங்களிடம் ஒரு கணக்குத்தாள் இருந்தது. முன்னொரு காலத்து மாணவர் கணினியில் செய்து வைத்தது. மெஷின் தரும் எண்களை அதில் ஒட்டினால் கம்பங்கள் தானாக வந்துவிடும். நடுவில் நடக்கும் கணக்கெல்லாம் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பத்திகளில் இருந்தது. அந்த மாணவர் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனபோது கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது. பேராசிரியரிலிருந்து நான் வரைக்கும் எல்லோரும் கம்பத்தை மட்டும் பார்த்து வாழ்ந்தோம்.

நாங்கள் இருவரும் திரையின் முன்னால் உட்கார்ந்தோம். திரை வெறுமையாக இருந்தது.

"ஆறு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா?" என்றார் அண்ணி, திரையைப் பார்த்துக்கொண்டே.

"எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது அண்ணி."

"குழாய் கொட்டினது தெரியும்ல."

ஆறு மாதத்துக்கு முன்பு ஆய்வேடு அச்சுக்குப் போகவில்லை. வேலைக் கடிதம் வரவில்லை. அண்ணன் தன் மேலாளரிடம் போய் நிற்கவில்லை.

அண்ணியின் அலைபேசி அதிர்ந்தது. அண்ணன். சத்தமாகப் பேசுவான், எனக்கும் கேட்டது.

"வீட்டுக்காரர் சாவி எப்பக் குடுப்பீங்கன்னு கேக்கறாரு. சாயங்காலமா, நாளைக்கா?"

"பதினொண்ணரைக்கு மேல சொல்றேங்க."

"சாவிக்கும் வைவாவுக்கும் என்ன சம்பந்தம்?"

"சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

பன்னிரண்டாம் சுற்றில் ரைபோசோம் எழும்பியது. நான்கு நாள் கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து ஒரே நூலாக ஏறின. நான் மூச்சு விட்டேன்.

"இதனால ஒண்ணும் நிரூபணமாகல" என்றார் அண்ணி. "ரெண்டுமே மாறாம இருக்கலாம். அப்ப உன் கைதான்."

அது நியாயம்தான். நானும் அப்படியே ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் கை மோசமாக இருக்கட்டும், ஆயுள் முழுக்கச் சமவெளியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று.

பதிமூன்று. பதினான்கு. பதினைந்து. பதிவேட்டுக்காரர் எழுந்துவந்து எங்கள் பின்னால் நின்றார். அவருக்கு இதில் என்ன புரியும் என்று தெரியவில்லை, ஆனால் யாரும் மூச்சு விடாத அறைக்குள் மனிதர்கள் இயல்பாக வந்து நிற்பார்கள்.

பதினேழாம் சுற்றில் ஆக்டின் எழும்பியது. ஒரே ஒரு கோடு. முதல் நாள் மாதிரியின் கோடு.

மற்ற மூன்றும் தரையிலேயே கிடந்தன.

"வரும்" என்றேன்.

பதினெட்டில் இரண்டாம் நாள் வந்தது. பத்தொன்பதில் நான்காம் நாள். ஆறாம் நாள் கோடு இருபதாம் சுற்றுக்குத்தான் தலைதூக்கியது. நான்கும் விரித்த விரல்கள் மாதிரி நின்றன. இடையில் மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றும் இரட்டிப்பு என்றால், இரண்டு, நான்கு, எட்டு.

அண்ணியின் உதடு அந்த மூன்று எண்களையும் சத்தமில்லாமல் சொல்லியது.

ஏறியது குளோரைடு இல்லை. ஆக்டின் எட்டில் ஒரு பங்காக இறங்கியிருந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தக் கணத்தில் எனக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. ஆறு மாதம் என் கையைக் கேலி செய்தார்கள், என் கை சரியாகத்தான் இருந்திருக்கிறது. அடுத்த கணமே அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். துள்ளியதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

இருபத்து நான்கில் நான்காவது ஆள் வந்தார், எங்கள் இருவருக்கும் சொந்தமில்லாதவர். ஒரே நூல். இருபத்தொன்பதில் குளோரைடு. அதுவும் ஒரே நூல். முதல் நாள் எவ்வளவோ ஆறாம் நாளும் அவ்வளவே.

"ஏதாவது தப்பா?" என்றார் பதிவேட்டுக்காரர்.

"இல்ல சார்" என்றார் அண்ணி. "மெஷின் நல்லா வேலை செய்யுது."

பத்தேமுக்காலுக்குப் பேராசிரியரின் அறைக்குப் போனோம். அவருக்குப் பின்னால் அலமாரியில் பதினான்கு ஆய்வேடுகள், ஒரே நிற அட்டையில், இருபது வருடம். பதினைந்தாவதாக அண்ணியுடையது மேசையில் கிடந்தது. அண்ணி அச்செடுத்த கோடுகளை அதன் மேல் வைத்தார். சொல்ல வேண்டியதை நான்கு வாக்கியத்தில் சொன்னார்.

பேராசிரியர் வெகுநேரம் அந்தத் தாளைப் பார்த்தார். கெட்டவர் இல்லை. மாணவர்கள் பெயரை மறந்தாலும் அவர்கள் குழந்தைகளின் பெயரை மறக்காத மனிதர்.

"ஒரே ஒரு ரன்" என்றார்.

"மூணு தடவை போட்டிருக்கேன் சார். மூணும் ஒண்ணு போல இருக்கு."

"தேர்வாளர் கீழ காபி குடிச்சிட்டிருக்காங்க. உனக்குத் திங்கட்கிழமை சேரணும்." தாளைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். "இன்னைக்கு இதைப் பத்திப் பேச வேண்டாம். கையெழுத்து வாங்கிடு. மூணு மாசத்துல ஒரு திருத்தம் எழுதி அனுப்பிடலாம். எல்லாரும் செய்யறதுதான்."

"அவங்க கேட்டா?"

"கேக்க மாட்டாங்க. இருபது வருஷமா யாரும் கேட்டதில்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லலம்மா. இன்னைக்குச் சொல்லாதன்னுதான் சொல்றேன்."

"ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் சார்?"

"ஒரு வேலை வித்தியாசம்" என்றார் பேராசிரியர்.

அண்ணி தாளை எடுத்து மடித்து அங்கிப் பையில் வைத்துக்கொண்டார். செய்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் என்னிடம் அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்.

"படத்தை மாத்தணுமா அண்ணி?"

"நேரமில்ல. இருக்கறது இருக்கட்டும்."

இருக்கறது இருக்கட்டும் என்றால் எதைச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

பதினொரு மணிக்கு நாற்பது நாற்காலியும் நிரம்பியிருந்தது. தேர்வாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அறுபதை நெருங்கும் அம்மாள், குட்டையான முடி, மடியில் ஆய்வேடு. கையெழுத்துப் போட வேண்டிய படிவம் அதன் மேல், பேனா படிவத்தின் மேல்.

அண்ணி பேசத் தொடங்கினார். செல்லைப் பற்றி, தீனியைக் குறைப்பது பற்றி, குழாயாகச் சேர்வது பற்றி. குரலில் ஒரு நடுக்கம் இல்லை. நான் படத்தைத் தள்ளிக்கொண்டே வந்தேன். பத்து. பதினொன்று. பன்னிரண்டு. பேராசிரியர் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். பதிமூன்று.

பதினான்கு.

நான்கு கம்பமும் திரையில் எழுந்து நின்றன. அண்ணி அவற்றின் பக்கம் திரும்பினார். ஒத்திகையில் இந்த இடத்தில் மூச்சு விடாமல் அடுத்த வரியைச் சொல்வார். இப்போது நின்றார். பத்து விநாடி இருக்கும். முன்வரிசையில் யாரோ இருமினார்கள்.

"இந்தப் படத்துல குளோரைடு சேனல் எட்டு மடங்கு ஏறுற மாதிரி தெரியும்" என்றார். "ஏறல."

தேர்வாளர் தலையை நிமிர்த்தினார்.

"நான் ஒப்பிட்டுப் பார்த்த ஆக்டின் இந்த ஆறு நாள்ல எட்டு மடங்கு குறையுது. அளவுகோல் சுருங்குனதால அளந்தது நீண்டு தெரிஞ்சுது. ஆய்வேட்டுல நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துல எழுதினது தப்பு."

மடித்த தாளைப் பிரித்துத் தேர்வாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"காலைல பத்து மணிக்கு மேடம்."

"என்னைக்கு?"

"இன்னைக்கு."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அண்ணி என் பக்கம் பார்த்தார். தொட்டி, மூடி, முழங்கை எல்லாம் இதோ வரப்போகிறது என்று நான் தயாரானேன்.

"எங்க லேப்ல ஒருத்தர் வேற அளவுகோல் வச்சு ஆறு மாசமா சரியான விடைய எடுத்துட்டிருந்தார். நாங்க எல்லாரும் சேர்ந்து அவர் கை சரியில்லன்னு முடிவு பண்ணிட்டோம்."

யாரும் சிரிக்கவில்லை. எனக்குத் தரையில் ஒரு ஓட்டை இருந்தால் தேவலை என்றிருந்தது.

தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டினார். "மத்த சேனல்லாம்? அதுக்கும் இதே ஆக்டின்தானே?"

"இருபத்திரண்டு சேனலுக்கும் இதேதான்."

"அப்ப, மாறலைன்னு எழுதியிருக்கீங்களே, இந்தக் குழந்தைப் பருவத்து சோடியம் சேனல்?"

"மாறாத மாதிரி தெரிஞ்சதுன்னா, ஆக்டினோட சேர்ந்து அதுவும் இறங்குதுன்னு அர்த்தம் மேடம். அதுவும் எட்டு மடங்கு குறையணும். இன்னும் போட்டுப் பார்க்கல."

அந்த அம்மாள் முதல் தடவையாக நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அது தட்டுல குறையுதுன்னா, தசை வளரும்போது குழந்தை சேனல் விலகிப் பெரியவங்க சேனலுக்கு இடம் விடுதுன்னு அர்த்தம். நீங்க அதை ஒண்ணுமில்லைன்னு அரைப் பக்கத்துல முடிச்சிருக்கீங்க."

"ஆமா மேடம்."

அரைமணி நேரம் கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. இல்லாதவற்றுக்கு இல்லை என்றார். கடைசியில் தேர்வாளர் பேனாவை எடுத்தார். அறையே அந்தப் பேனாவைப் பார்த்தது. அவர் அதன் மூடியைப் போட்டுப் பைக்குள் வைத்தார்.

"இதுல என்னால கையெழுத்துப் போட முடியாது. இருபத்திரண்டையும் திரும்ப ஓட்டுங்க. மூணு மாசம் தரேன். அப்ப நானே வரேன்."

வெளியே போகும்போது அண்ணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எதற்கு என்று சொல்லவில்லை.

அறை காலியானது. பேராசிரியர் எழுந்து எங்களைத் தாண்டி நடந்தார். வாசலில் நின்று, "பதினாலு" என்று மட்டும் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு அவர் அறையில் ஆய்வேட்டு அலமாரியின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அண்ணி மாடிப்படியில் உட்கார்ந்து மருத்துவமனை ஆய்வகத்துக்குப் பேசினார். நான்கு படி கீழே நின்றேன். "ஆமாங்க... இல்லீங்க, மூணு மாசம்... சரிங்க." அந்தப் பக்கம் ஏதோ பேசினார்கள். "பரவாயில்லீங்க. வரிசையில அடுத்து யாரோ அவங்களுக்கே குடுங்க."

அப்புறம் அண்ணனுக்கு.

"சாவியக் குடுக்காதீங்க" என்றார்.

அண்ணனின் குரல் தாழ்ந்து வந்தது. அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"ஃபெயிலா?" என்றான்.

"இல்ல. தப்பு. நானே சொல்லிட்டேன்." நான்கே வாக்கியத்தில் அவனுக்கும் சொன்னார், ஒரு குழாய் கொட்டியதையும் சேர்த்து. காலையிலிருந்து மூன்றாவது முறை.

"சரி" என்றான் அண்ணன். "நான் போய் வேலையத் திரும்பக் கேக்கறேன்."

"குடுப்பாங்களா?"

"தெரியல. நேத்துத்தான் எல்லாரும் ஒரு மணி நேரம் என்னைப் பத்தி நல்லதாப் பேசினாங்க. இன்னைக்குப் போய் நின்னா அதையெல்லாம் திரும்ப வாங்கிக்கணும், பாவம்."

அண்ணியின் தோள் குலுங்கியது. முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு, அலைபேசியைப் பார்க்காமலே என் பக்கம் நீட்டினார்.

"டேய், அழறாளா?" என்றான் அண்ணன்.

"தெரியல அண்ணா. முகம் தெரியல."

"கிட்டப் போய்ப் பாரு."

நான் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அண்ணியே நிமிர்ந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஆய்வேட்டைக் கவிழ்த்து, பின்பக்கத்து வெள்ளைத் தாளில் ஏதோ எழுதத் தொடங்கினார்.

"இப்ப என்ன பண்றா?"

"எழுதறாங்க."

"என்னத்த?"

எட்டிப் பார்த்தேன். "ஜீன் பேரு. சோடியம்தான் முதல்ல போட்டிருக்காங்க."

"மொத்தம் எத்தனை?"

"இருபத்திரண்டு."

"எழுதட்டும். சாப்பிட்டாளா?"

"இல்ல."

"நீ?"

"இல்ல."

"ரெண்டு பேரும் முதல்ல போய்ச் சாப்பிடுங்க" என்றான் அண்ணன். "அந்தக் குழாயக் கொட்டினது யாருன்னு அவ சொல்லல. நான் கேக்கவும் இல்ல. சாயங்காலம் நீயே வந்து சொல்லு."